பெயர்த்தகடு இல்லாத மிலிங் மெஷினும் நாம் படிப்பித்த பிழையும்

கொஞ்சம் நீளமான பதிவு. தொழினுட்பப் பிரிவு மாணவர்களும், லேத் பட்டறை வைத்திருப்பவர்களும் பொறுமையாக வாசியுங்கள்.

சில மாதங்களுக்கு முன் எமது பழைய மாணவர் ஒருவர் வட்ஸ்அப்பில் நான்கு படங்கள் அனுப்பியிருந்தார். பழைய இரும்போடு இரும்பாகக் கிடந்த கிடை மிலிங் மெஷின் ஒன்றை வாங்கியிருக்கிறார். பெயர்த்தகடு இல்லை. கட்டரைப் பூட்டும் ஆர்பரும் இல்லை. "சேர், இதற்கு எந்த ஆர்பர் வாங்குவது?" என்று கேட்டார். படத்தைப் பார்த்துவிட்டு, "40ஆம் இலக்க டேப்பர்தான், வாங்குங்கள்" என்றோம். வாங்கினார். அது ஸ்பிண்டிலுக்குள் உட்காரவே இல்லை. பிழை எம்முடையது. அளக்காமல் சொல்லிவிட்டோம்.

அதற்குப் பிறகுதான் இந்த இயந்திரத்தின் வரலாற்றை ஒழுங்காகப் படிக்க உட்கார்ந்தோம். அப்போது இன்னொரு பிழையும் பிடிபட்டது. "மிலிங் இயந்திரத்தைக் கண்டுபிடித்தவர் எலி விட்னி, 1818" என்று பல வருடங்களாக நாம் கரும்பலகையில் எழுதி வந்திருக்கிறோம்.

லேத்தில் வேலைத்துண்டு சுற்றும், கத்தி நிற்கும். மிலிங்கில் பல பற்கள் கொண்ட கட்டர் சுற்றும், மேசையில் இறுக்கிய துண்டு அதனை நோக்கி நகரும். இது ஏன் தேவைப்பட்டது? துப்பாக்கிக்காக. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க ஆயுதப் பட்டறைகளில் துப்பாக்கியின் சிறு பாகங்களைத் தொழிலாளர்கள் கையால் அராவியே வடிவத்துக்குக் கொண்டுவந்தார்கள். அப்படிச் செய்த பாகம் அடுத்த துப்பாக்கிக்குப் பொருந்தாது. ஒன்றின் பாகம் மற்றொன்றுக்கும் பொருந்த வேண்டும் என்றால், அரத்தின் வேலையை ஓர் இயந்திரம் செய்ய வேண்டும்.

விட்னியின் பட்டறையைச் சேர்ந்த பழைய மிலிங் இயந்திரம் ஒன்று நியூ ஹேவன் நகரில் பாதுகாக்கப்பட்டுள்ளது. அதை வைத்துத்தான் 1818 என்ற வருடம் புத்தகங்களில் ஏறியது. 1960களில் ஆய்வாளர்கள் அதனை மீண்டும் ஆராய்ந்தபோது அந்த வருடம் நிற்கவில்லை. விட்னி 1825இல் காலமானார். அந்த இயந்திரம் அதற்குப் பிறகு செய்யப்பட்டிருக்கலாம் என்ற கருத்தும் முன்வைக்கப்பட்டது. அதே காலத்தில் மிடில்டவுனில் சிமியோன் நோர்த்தும் ரொபர்ட் ஜோன்சனும், ஹார்ப்பர்ஸ் ஃபெரியில் ஜோன் ஹோலும் இதே வேலையில் முன்னேறியிருந்தார்கள். ஆக, இது ஒருவரின் கண்டுபிடிப்பு அல்ல. பல பட்டறைகள் சேர்ந்து வளர்த்த ஒன்று.

1848 அளவில் வெர்மொன்ட் மாநிலத்தின் ரொபின்ஸ் அன்ட் லோரன்ஸ் நிறுவனத்தில் பிரெட்ரிக் ஹௌ ஒரு மிலிங் இயந்திரத்தை வடிவமைத்தார். அந்த நிறுவனம் 1851 லண்டன் பெருங்கண்காட்சியில், பாகங்களை மாற்றிப் பூட்டக்கூடிய ஆறு ரைபிள்களைக் காட்சிக்கு வைத்தது. அதன் தொடர்ச்சியாக பிரித்தானிய அரசே என்ஃபீல்ட் தொழிற்சாலைக்கு அமெரிக்க இயந்திரங்களை வாங்கியது. 1855இல் லிங்கன் மிலர் வந்தது, ஆயிரக்கணக்கில் விற்பனையானது.

அடுத்த திருப்பம் உள்நாட்டுப் போர்க் காலத்தில். அப்போது ஹௌ, மஸ்கெட் செய்யும் புரொவிடென்ஸ் டூல் கம்பனியில் இருந்தார். அங்கே துவிஸ்ட் ட்ரில்லின் சுருள் பள்ளங்களை வட்ட அரத்தால் கையாலேயே அராவிக்கொண்டிருந்தார்கள். இதற்கு வழி தேடி ஜோசப் பிரவுனிடம் போனார். துண்டைத் திருப்பிக்கொண்டே மேசையை நகர்த்தும் யூனிவர்சல் மிலிங் இயந்திரத்தைப் பிரவுன் செய்தார். முதலாவது இயந்திரம் 1862 மார்ச் மாதம் அந்தக் கம்பனிக்கே போனது. பிரவுன் அன்ட் ஷார்ப் என்ற பெயர் உலகறிந்ததாகியது.

இப்போது எமது மாணவரின் மெஷினுக்கு வருவோம். பெயர்த்தகடு இல்லாவிட்டால் முதலில் பார்க்க வேண்டியது ஸ்பிண்டிலின் கூம்புத் துளை. பழைய மெஷின்கள் பலவற்றில் பிரவுன் அன்ட் ஷார்ப் டேப்பர் இருக்கும்: ஓர் அடிக்கு அரை அங்குலம், அதாவது 24 மி.மீ. நீளத்துக்கு விட்டத்தில் 1 மி.மீ. குறையும். 1927இல் அமெரிக்க உற்பத்தியாளர்கள் ஒரு பொது நியமத்துக்கு வந்தார்கள்: 24 மி.மீ. நீளத்துக்கு 7 மி.மீ. இன்றைய 30, 40, 50 இலக்கங்கள் அதன் வழி வந்தவை. துளையின் வாயிலும் 48 மி.மீ. உள்ளேயும் விட்டத்தை அளந்து பாருங்கள். வித்தியாசம் 14 மி.மீ. என்றால் புதிய நியமம். சுமார் 2.5 என்றால் மோர்ஸ். 2 என்றால் பிரவுன் அன்ட் ஷார்ப். ஆனால் இதை மட்டும் வைத்து வயதைத் தீர்மானிக்கக் கூடாது. 1927க்குப் பிறகும் சிறிய மெஷின்களில் பழைய டேப்பர்கள் தொடர்ந்தன.

மாணவர் அளந்தார். 2 மி.மீ.

கட்டர் வாங்கும்போதும் கவனம் தேவை. அங்குல ஆர்பர்கள் பெரும்பாலும் 7/8, 1, 1¼ அங்குலம். மெற்றிக் ஆர்பர்கள் 22, 27, 32 மி.மீ. 7/8 அங்குலம் என்பது 22.2 மி.மீ. 22 துளை கொண்ட கட்டர் அதில் ஏறாது. 1¼ அங்குல ஆர்பரில் 32 மி.மீ. கட்டர் ஏறும்; ஆனால் கால் மி.மீ. ஆட்டம் இருக்கும், ஓரிரு பற்களே வெட்டும். இன்னொன்று, மேசைத் திருகு தேய்ந்த பழைய மெஷினில், கட்டர் சுற்றும் திசைக்கு எதிராகவே துண்டைச் செலுத்துங்கள். அல்லாவிட்டால் கட்டர் துண்டை இழுத்துக்கொண்டு போகும்.

மாணவர் புதிய ஆர்பரைத் தன் லேத்திலேயே கடைந்தார். கொம்பவுண்ட் சிலைட்டை ஏறத்தாழ 1 பாகை 12 கலைக்குத் திருப்பி, நீல மை பூசிப் பொருத்திப் பார்த்து, மூன்றாவது முயற்சியில் சரியாக உட்கார வைத்தார். நாம் சொல்லி அவர் வாங்கிய 40ஆம் இலக்க ஆர்பரின் விலையை அவருக்குக் கொடுத்துவிட்டோம். அது இப்போது எமது வகுப்பறை அலுமாரியில் இருக்கிறது. டேப்பர் பாடத்துக்கு எடுத்துக் காட்டுகிறோம்.

விட்னி குறிப்பையும் இந்த வருடம் மாற்றி எழுதிவிட்டோம். எம்மிடம் படித்த பழைய மாணவர்கள் யாராவது இதை வாசித்தால், உங்கள் கொப்பியிலும் அந்த ஒரு வரியைத் திருத்திக்கொள்ளுங்கள்.