பரங்கிமலைச் சங்கிலியும் பெங்களூர்க் கணக்கும்

இந்தியாவை முக்கோணங்களாகப் பிரித்து அளந்த கதை என்றாலே, 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலில் தியோடலைட் மோதிச் சேதமானதைத்தான் பலரும் சொல்வார்கள். எனக்கென்னவோ, அதற்கு ஆறு ஆண்டு முன்னால் பரங்கிமலை அடிவாரத்தில் தரையோடு தரையாக நடந்த வேலைதான் பெரிதாகப் படுகிறது.

1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்டன், பரங்கிமலைப் பக்கத்திலிருந்து பெரும்பாக்கம் குன்றை நோக்கி ஏழரை மைல் ஆதாரக் கோட்டை அளக்கத் தொடங்கினார். கருவி, லண்டன் ராம்ஸ்டன் செய்த நூறடி எஃகுச் சங்கிலி. இரண்டரை அடிக் கண்ணிகள் நாற்பது. மக்கார்ட்னி தூதுக்குழு 1793-இல் சீனப் பேரரசருக்குப் பரிசாகக் கொண்டுபோய், அங்கே வேண்டாமென்று தள்ளப்பட்டு, கல்கத்தா வழியாக இவர் கைக்கு வந்தது. பரிசுக்கு வந்த யோகத்தைப் பாருங்கள்!

இந்த ஒரு கோட்டைத்தான் கையால் அளப்பார்கள். மற்றதெல்லாம் கோணமும் கணக்கும். எனவே இதில் விழுந்த பிழை எல்லா முக்கோணத்திலும் அதே விகிதத்தில் ஏறிக்கொண்டே போகும்.

முதல் எதிரி வெயில். எஃகு சூட்டில் நீளும். நீண்ட சங்கிலி தூரத்தைக் குறைத்துக் காட்டும். 62 டிகிரி ஃபாரன்ஹீட்டில் நூறடி இருப்பது 92 டிகிரியில் கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக நீளும். இவ்வளவுதானா என்று தோன்றும். நானூறு முறை சங்கிலியை வைத்தால் ஏழரை அடி! இதைத் திருத்தாமல் விட்டால், 2,400 கிலோமீட்டர் தூரத்தில் ஏறத்தாழ 450 மீட்டர் காணாமல் போகும். அதனால்தான் சங்கிலியை முக்காலிகள் மேல் நிறுத்திய மரத்தொட்டிகளில் கிடத்தி, வெப்பமானி வைத்து, ஒவ்வொரு முறையும் சூட்டைக் குறித்துக்கொண்டார்கள். மூட்டுகள் தேய்ந்தாலும் சங்கிலி நீளுமே? அதற்கு இன்னொரு சங்கிலியை வேலைக்கே எடுக்காமல், ஒத்துப்பார்க்க மட்டும் வைத்திருந்தார். கிடைத்த நீளம் சுமார் 40,006 அடி.

சரியா என்று எப்படித் தெரியும்? அதற்குத்தான் நம்ம பெங்களூர். முக்கோணங்களை இங்கே வரை கொண்டுவந்து, 1804-இல் இன்னொரு கோட்டை அளந்தார்கள். இங்கே வேறொரு சிக்கல்: ஊர் கடல்மட்டத்துக்கு மூவாயிரம் அடி மேலே. உயரத்தில் அளந்த கோட்டைக் கடல்மட்டத்துக்கு இறக்கினால், ஏழு மைலுக்கு ஐந்தடிக்கு மேல் குறையும். அதையும் கழித்துப் பார்த்ததில், சென்னையிலிருந்து வந்த கணக்குக்கும் நேரே அளந்ததற்கும் வித்தியாசம் நான்கு அங்குலம்கூட இல்லை.

முப்பதுக்கு நாற்பது மனை வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நாற்பதடியில் வெயில் செய்யும் பிழை ஒரு நூல்கூட வராது. டேப்பை இழுக்காமல் தொங்கவிட்டால்தான் வம்பு: நூறடி டேப்பு நடுவில் ஓரடி தொய்ந்தாலே மூன்றில் ஒரு அங்குலம் கூடுதலாகக் காட்டும். மேடுபள்ளத்தில் சாய்த்துப் பிடித்தாலும் அப்படியே. அளக்கும்போது கூட நின்று, டேப்பின் மறுமுனை பூஜ்யத்தில் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள்.