கூண்டில்லாத சிலைகள்

2017இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூர் ஜூரோங்கில் இருக்கும் சீனத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். கூட்டிப்போனவன் மேலூர்ப் பக்கத்துத் தம்பி. அங்கே கப்பல் பட்டறையில் வெல்டர்.

சதுப்பு நிலத்தைத் தூர்த்து உருவாக்கிய தொழிற்பேட்டை ஜூரோங். அதையொட்டி 1975இல் இந்தத் தோட்டம் வந்தது. வடிவமைத்தவர் தைவான் கட்டிடக் கலைஞர் யூ யுவன்-சென். பெய்ஜிங் கோடைக்கால அரண்மனைப் பாலத்தைப் பார்த்துச் செய்த பாலம், ஏழுநிலைக் கோபுரம், தாமரைக் குளம். ஆலைத் தொழிலாளர்கள் இளைப்பாற அரசர்களின் நந்தவனம்! பத்து வயதே ஆகியிருந்த ஒரு நாடு தனக்கொரு பழமையைத் தயாரித்துக்கொண்ட விதம் இது.

உள்ளே வரலாற்று நாயகர்களின் சிலைகள்: கன்பூசியஸ், கவி சூ யுவான், ஆண்வேடத்தில் போருக்குப் போன மூலான், தளபதி யூ ஃபெய். தம்பி சுற்றிச்சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "என்னண்ணே, ஒரு சிலைக்கும் கூண்டு இல்ல?"

மதுரைக்காரனுக்குத்தான் இந்தக் கேள்வி வரும். நம்மூரில் சிலை என்பது ஒரு சாதி இன்னொரு சாதிக்குச் சொல்லும் செய்தி. சிலை அவமதிப்பு, மறியல், துப்பாக்கிச் சூடு என்று 1990களில் தென்மாவட்டங்கள் பட்ட பாடு நமக்குத் தெரியும். 1997இல் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்ததும் கலவரம்; கடைசியில் மாவட்டங்கள், போக்குவரத்துக் கழகங்கள் எல்லாவற்றிலிருந்தும் தலைவர்கள் பெயர்களை அரசு எடுத்துவிட்டது. ஒரு தலித் வீரனின் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மனமில்லாத சமூகம் நம்முடையது.

அங்கே செங் ஹ சிலையும் உண்டு. மிங் பேரரசின் கடற்தளபதி. 1409 என்று தேதியிட்ட அவருடைய கல்வெட்டு 1911இல் இலங்கைக் காலியில் கிடைத்தது. சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகள். சீனம் புத்தரையும், தமிழ் தேனாவரை நாயனாரையும், பாரசீகம் அல்லாவையும் போற்றுகின்றன. தமிழ் அன்று கடல் வணிக மொழியாக இருந்ததற்குச் சான்று என்று நாம் மகிழ்கிறோம், சரிதான். ஆனால் அதே செங் ஹ 1411இல் இலங்கையின் அழகக்கோனாரைச் சிறைபிடித்துச் சீனாவுக்குக் கொண்டுபோனார் என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். காணிக்கைக் கல்லும் கப்பற்படையும் ஒரே அதிகாரத்தின் இரண்டு கைகள்.

என்னை நிறுத்தியது லின் ஸெ-ஷு சிலை. 1839இல் ஹூமன் கடற்கரையில் 20,000 பெட்டிக்கு மேல் அபினைச் சுண்ணாம்பும் உப்பும் போட்டுக் கரைத்து அழித்தவர். வெள்ளைக்காரன் அதைச் சாக்காக வைத்துப் போர் தொடுத்தான். அந்த அபின் இந்திய மண்ணில் விளைந்தது. போரிட்ட படையிலும் இந்தியச் சிப்பாய்கள். 1841 மே மாதம் காண்டன் அருகே சான்யுவான்லியில் கிராமத்து ஜனங்கள் திரண்டு வளைத்துக்கொண்டது 37ஆம் மதராஸ் காலாட்படையின் ஒரு பிரிவை. கொட்டும் மழையில் துப்பாக்கிகள் நமத்துப்போய்த் தவித்தவர்கள் நம் மாகாணத்து ஆட்கள். சீன வரலாற்றில் அது மக்கள் எதிர்ப்பின் பெருநிகழ்வு. நம் வரலாற்றில் ஒரு வரிகூட இல்லை.

தெப்பக்குளத்தில் மருதுபாண்டியருக்குச் சிலை வைத்திருக்கிறோம். 1801இல் அவர்களைத் தூக்கிலிட்ட அதே கம்பெனிக்காக, நாற்பது வருஷம் கழித்து, நம்மாட்கள் சீனத்து விவசாயியைச் சுடப் போனார்கள். எதிர்த்தவனின் வாரிசு என்று சொல்லிக்கொள்ள எல்லோரும் தயார். கூலிக்குச் சுட்டவனும் நம் மூதாதைதான் என்று ஒப்புக்கொள்ள யார் தயார்? 'வீரப் பரம்பரை'க் கதையாடல்கள் இந்த மறதியின்மீதுதான் எழும்பியிருக்கின்றன.

இதையெல்லாம் தம்பியிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "சம்பளத்துக்குப் போனவனுக்கு யாருண்ணே சிலை வைக்கப்போறா?" என்றான்.

சிலை வேண்டாம். அவனைப் பற்றி நாம் எழுதத் தொடங்கினால் போதும். 2019இல் மூடிய அந்தத் தோட்டம் சீரமைப்புக்குப் பிறகு 2024இல் மறுபடி திறந்துவிட்டது. நம்மூர்க் கூண்டுகளின் பூட்டை மட்டும் இன்னும் திறந்தபாடில்லை.