786 தாளும் மதுரை சுல்தான்களின் காசும்



மேலூர் வட்டாரத்தில் 786 என முடியும் ரூபாய்த் தாளைப் பரக்கத் என எண்ணிப் பீரோவில் பாதுகாக்கும் குடும்பங்கள் உண்டு. அத்தகைய தாளுக்கு லட்சக்கணக்கில் விலை தருவதாகக் கைபேசியில் விளம்பரங்களும் வருகின்றன. ஆகவே, எண்ணுக்கும் பழங்காசுக்கும் மதிப்பு எங்ஙனம் உண்டாகிறது என்பதை அறிந்துகொள்வது நலம்.

அரபு எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்மதிப்பு உண்டு. அலிஃப் 1, பா 2 எனத் தொடங்கும் இம்முறைக்கு அப்ஜத் என்று பெயர். இதன்படி பிஸ்மி 102, அல்லாஹ் 66, அர்ரஹ்மான் 329, அர்ரஹீம் 289, கூட்டினால் 786. நபி (ஸல்) அவர்களோ ஸஹாபாக்களோ பிஸ்மில்லாஹ்வுக்குப் பதிலாக இவ்வெண்ணை எழுதியதற்கு ஆதாரம் இல்லை. இது பிற்காலத்தில் பரவிய வழக்கம்.

தாளின் வரிசை எண் ஆறு இலக்கம் கொண்டது. 000786 முதல் 999786 வரை எண்ணிப் பார்த்தால், ஒவ்வொரு வரிசையிலும் ஆயிரம் தாள்கள் 786 என முடியும். அதாவது, ஆயிரம் தாளுக்கு ஒன்று. இதனை அரிய பொருள் என்பது எவ்வாறு பொருந்தும்?

உண்மையிலேயே அரிய காசுகள் நம் மண்ணில் உண்டு. துக்ளக் ஆட்சியின் ஆளுநராயிருந்த ஜலாலுத்தீன் அஹ்ஸன் ஷா, ஏறத்தாழ 1335இல் மதுரையில் தனியாட்சி நிறுவினார். சுல்தான்களின் பெயரும் ஹிஜ்ரி ஆண்டும் அவர்களது காசுகளில் அரபியில் பொறிக்கப்பட்டன. பயணி இப்னு பதூதா இவ்வரசைப் பற்றி எழுதியுள்ளார். அவருக்குப் பின்வந்த சுல்தான்களைப் பெரும்பாலும் இக்காசுகளைக் கொண்டே அறிகிறோம். கடைசிச் சுல்தான் சிக்கந்தர் ஷாவின் காசு ஹிஜ்ரி 779ஐக் காட்டுகிறது. ஹிஜ்ரி ஆண்டை 0.97ஆல் பெருக்கி 622ஐக் கூட்டினால் ஏறத்தாழ 1377 கிடைக்கும். சிறு செப்புக்காசு ஒன்று ஓர் அரசின் வரலாற்றுக்குச் சாட்சியாகிறது. அதுவே அதன் மதிப்பு. புளியிட்டுத் தேய்த்தால் எழுத்தும் அழியும், மதிப்பும் அழியும். நிலத்தடியில் கிடைத்த பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டுமென 1878ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது.

மார்க்க நிலையையும் கவனிக்க வேண்டும். காகிதப் பணத்துக்கும் வட்டி, ஸகாத் சட்டங்கள் பொருந்தும் என 1986இல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி முடிவு செய்தது. எனவே, செல்லுபடியாகும் பத்து ரூபாய்த் தாளை ஆயிரம் ரூபாய்க்கு மாற்றுவது, ஒரே இனப் பணத்தைக் கூடுதல் குறைவாக மாற்றும் வட்டியில் சேரும் அபாயம் உடையது. புழக்கத்திலிருந்து நீங்கிவிட்ட பழங்காசோ விற்பனைப் பொருளின் நிலையை அடைகிறது.

2021 ஆகஸ்டில் இந்திய ரிசர்வ் வங்கி ஓர் எச்சரிக்கை விடுத்தது. பழைய தாள், நாணய விற்பனைக்காகத் தன் பெயரையும் சின்னத்தையும் காட்டிக் கட்டணம், கமிஷன், வரி கேட்போரை நம்ப வேண்டாம் என்பதே அது. விற்பவரிடமே முன்பணம் கேட்பவர் வாங்க வந்தவர் அல்லர். இதனை வீட்டுப் பெண்களுக்கும் முதியோருக்கும் எடுத்துரையுங்கள். பரக்கத் ஹலாலான உழைப்பில் உள்ளது. அல்லாஹ் நம் பொருளைப் பாதுகாப்பானாக. ஆமீன்.