கரும்பலகையும் வெண்பலகையும்

பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில், கணக்கொன்றைச் செய்து காட்டுமாறு மாணவர் பீமராவைக் கரும்பலகைக்கு அழைத்தார் ஆசிரியர். வகுப்பில் கூச்சல் எழுந்தது. பலகையின் பின்னே உணவுப் பெட்டிகளை வைத்திருந்த சாதி இந்து மாணவர்கள், அவர் பலகையைத் தொடுமுன் ஓடிச்சென்று அவற்றை அப்புறப்படுத்தினர். அண்ணல் அம்பேத்கர் 1907-இல் மெட்ரிகுலேஷன் தேறினார். ஆகவே பலகையின் வரலாற்றை ஆராயும் நாம், அதனருகே செல்ல எவர்க்கு உரிமை இருந்தது என்பதையும் கேட்டாக வேண்டும்.

இவ்வரலாற்றில் சென்னைக்குத் தனியிடம் உண்டு. 1789-இல் எழும்பூரில் படைவீரரின் அனாதைச் சிறுவர் இல்லப் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் பாதிரியார், நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். அம்முறையைத் தம் பள்ளியிற் புகுத்தியதோடு, மாணவனே மாணவனுக்குக் கற்பிக்கும் முறையையும் வகுத்தார். 1797-இல் இலண்டனில் அவர் வெளியிட்ட நூலின் வழியே இது 'மதராஸ் முறை' எனப் பெயர் பெற்றது. மணல் பரப்பிய அத்திண்ணைகளில் நம் முன்னோர்க்கு இடமிருக்கவில்லை.

1894-இல் அடையாற்றை அடுத்த ஊரூரில் நம் பிள்ளைகளுக்கென இலவசப் பள்ளியொன்றைத் திறந்தார் கர்னல் ஆல்காட். பின்னர்க் கோடம்பாக்கத்திலும் மயிலாப்பூரிலும் அத்தகைய பள்ளிகள் எழுந்தன. நம் தேனாம்பேட்டையில் எழுந்ததற்குத் தாமோதர் பள்ளி என்று பெயர். அங்கே பலகையின் பின்னிருந்து எடுத்துக்கொண்டு ஓட எவருடைய உணவுப் பெட்டியும் இல்லை.

வெண்பலகை மிகப் பிந்தியது. உலர்ந்த துணியாலேயே துடைக்கத்தக்க மை 1970-களில் வந்தது. 1990-களில் வெண்பலகை உலகெங்கும் பள்ளிகளில் பரவியது. சுண்ணத்தூள் நெஞ்சை அடைப்பதில்லை. பல நிறங்களில் எழுதலாம். ஆயினும் பேனாவின் விலை சுண்ணக்கட்டியினும் பன்மடங்கு. மூடி திறந்திருந்தால் காய்ந்துவிடும். அதனாலேயே சில வகுப்புகளில் அது ஆசிரியரின் சட்டைப்பையை விட்டு வெளிவருவதில்லை! உணவுப் பெட்டிகள் போயின; பலகையோ இன்னும் எட்டாத தொலைவிலேயே நிற்கிறது.

குழுவாகக் கற்போர்க்கு இப்பலகை பெரிதும் உதவும். ஐவர் சூழ்ந்து நின்று, ஒரு கணக்கின் ஒவ்வொரு படியையும் ஒருவர் எழுத, மற்றவர் திருத்தலாம். பிழையை ஒரே இழுப்பில் துடைத்துவிடலாமாதலால் கூச்சமுள்ள பிள்ளையும் துணிந்து எழுதும். மாணவனே மாணவனுக்கு ஆசிரியன் என்ற பழைய மதராஸ் முறையும் இதுவே. மாலை வகுப்பு நடத்தும் நம் இளைஞர்கள், பேனாவை முதலில் கடைசி வரிசைச் சிறுமியிடம் கொடுத்துப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.