இஸ்ரவேலரின் நெருங்கிய உறவு மணத்தடைகள்

பண்டைய இஸ்ரவேலர் எவரை மணக்கலாகாது என்பதை லேவியராகமத்தின் 18, 20ஆம் அதிகாரங்கள் வரையறுக்கின்றன. இத்தடைகளை இரத்த உறவு பற்றிய அச்சமாக மட்டும் கொள்வது போதாது. கூட்டுக்குடும்பத்தின் உள்ளொழுங்கைக் காப்பதே இவற்றின் அடிப்படை எனத் தோன்றுகிறது. தாய், சகோதரி, பேத்தி, அத்தை, தாயின் சகோதரி ஆகியோரோடு தந்தையின் மற்ற மனைவி, மருமகள், சகோதரனின் மனைவி என இரத்தத் தொடர்பற்றவர்களும் விலக்கப்படுகின்றனர். மனைவி உயிரோடிருக்கும் வரை அவள் சகோதரியை மணப்பதும் தடை. காரணமாகச் சொல்லப்படுவது இருவருக்கும் இடையே எழும் போட்டி. ஆனால் உடன்பிறந்தார் மகளோ, அத்தை மகளோ, மாமன் மகளோ பட்டியலில் இல்லை. நிலம் கோத்திரத்தை விட்டுப் போகாதிருக்க, செலொப்பியாத்தின் மகள்கள் தந்தையின் சகோதரர் மகன்களை மணந்ததை எண்ணாகமம் ஒப்புதலோடு பதிகிறது.

பட்டியலில் மகளே இல்லையே என்பது வலுவான ஆட்சேபம்தான். எனினும் நெருங்கிய உறவைத் தடுக்கும் தொடக்கப் பொதுவிதி அவளையும் உள்ளடக்கும். 21ஆம் அதிகாரம் மகளை நெருங்கிய உறவாகவே எண்ணுகிறது. பிள்ளையின்றி இறந்தவனின் மனைவியை அவன் சகோதரன் மணக்கச் சொல்லும் உபாகமம் 25 முரணாகத் தெரியலாம். இறந்தவன் பெயரும் வீடும் அழியாமல் காப்பதே அங்கு நோக்கம்; ஆகவே அது இவ்வாதத்துக்குத் துணையே. ஆபிரகாம் தந்தைவழி அரைச்சகோதரியையும், யாக்கோபு சகோதரிகள் இருவரையும், அம்ராம் தன் அத்தையையும் மணந்த கதைகள், தடைகளுக்கு முந்தைய வழக்கம் வேறாயிருந்ததைக் காட்டுகின்றன. பிற்கால யூதரும் ஒருமனப்படவில்லை: ரபீக்கள் சகோதரி மகளை மணப்பதைப் பாராட்டினர், கும்ரானில் கிடைத்த தமஸ்கு ஆவணமோ, ஆணை நோக்கிய சட்டம் பெண்ணுக்கும் பொருந்தும் என வாதிட்டு அதைத் தடுத்தது.