முறிந்த கவையும் முறியாத உள்ளமும்

வரலாறு என்றதும் அரசர்களின் பெயர்களும் போர்கள் நடந்த ஆண்டுகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. நானும் நெடுங்காலம் வகுப்பறையில் அவற்றையே கற்பித்து வந்தவன். ஆனால், ஒரு காலத்து மக்கள் எதை நியாயம் என்று கருதினார்கள், எதைப் பெருமை என்று போற்றினார்கள் என்பதை அறிய வேண்டுமானால், அவர்களுடைய போர்க்களங்களைப் பார்த்தால் மட்டும் போதாது. விளையாட்டுக் களங்களையும் பார்த்தல் வேண்டும். அத்தகைய களம் ஒன்றுக்கு, பிரெஞ்சு நாட்டின் மலைப்பாதை ஒன்றுக்கு, இன்று உங்களை அழைத்துச் செல்ல எண்ணுகிறேன்.

பிரான்சை மிதிவண்டியில் சுற்றிவரும் பெரும் பந்தயம் 1903ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் தொடங்கிற்று. அதை நடத்தியது 'லோட்டோ' என்ற விளையாட்டுச் செய்தித்தாள். தாளின் விற்பனையைப் பெருக்குவதற்கு வழி தேடிக்கொண்டிருந்தார் அதன் ஆசிரியர் ஹென்றி தெக்ராஞ். நாட்டையே ஒரு சுற்றுச் சுற்றிவரும் பந்தயம் நடத்தலாம் என்ற யோசனையை அவருடைய உதவியாளர் ஜியோ லெபெவ்ர் கூறினார். முதல் ஆண்டில் 60 பேர் புறப்பட்டனர். 2,428 கிலோமீட்டரைக் கடந்து பாரிஸ் திரும்பியவர் 21 பேரே. வென்றவர் மோரிஸ் காரின். இளமையில் புகைபோக்கிகளைச் சுத்தம் செய்து பிழைத்தவர். சுமார் 25,000ஆக இருந்த தாளின் விற்பனை சுமார் 65,000ஆக உயர்ந்தது. வீரர்களின் வியர்வையும் வியாபாரியின் இலாபமும் தொடக்கத்திலிருந்தே ஒன்றாகக் கலந்திருந்தன என்பதை நீங்கள் மனத்தில் கொள்ளுதல் வேண்டும்.

சமவெளி சலித்ததும் மலைகளை நாடினார்கள். பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் இடையே மதில்போல் நிற்பது பிரனீஸ் மலைத்தொடர். அதன் கணவாய்களில் மிக உயர்ந்த ஒன்று தூர்மலே; உயரம் 2,115 மீட்டர். ஆடும் மாடும் கழுதையும் நடந்து உண்டாக்கிய கல்லும் மண்ணுமான தடமே அந்நாளில் அங்கே பாதை. 1910ஆம் ஆண்டுப் பந்தயத்தை அவ்வழியே செலுத்த வேண்டும் என்று வற்புறுத்தியவர் ஸ்டெயினேஸ் என்ற செய்தியாளர். வழியைப் பார்த்துவர அவரே முன்னதாகச் சென்றார். அவர் ஏறிச்சென்ற மோட்டார் வண்டி பனியில் சிக்கி நின்றுவிட்டது. இரவில் தனியாக நடந்து, பனியில் விழுந்து எழுந்து, உயிர் தப்பி மறுபுறம் இறங்கினார். இறங்கியதும் அவர் ஆசிரியருக்கு அனுப்பிய தந்தி என்ன கூறியது தெரியுமா? தூர்மலேயைக் கடந்தாயிற்று, பாதை மிக நன்றாக இருக்கிறது என்று கூறியது! ஒரு மனிதரின் பிடிவாதத்தாலும் ஒரு பொய்த் தந்தியாலும் மலைப் பந்தயம் பிறந்தது.

அந்த மலைகளுக்கு வீரர் தம்மை ஆயத்தம் செய்துகொண்ட விதத்தைக் கேளுங்கள். இன்றைய மலை மிதிவண்டிகளில் ஒரு விரலசைப்பிலே பற்சக்கரங்கள் மாறுகின்றன. அன்று அந்த வசதி இல்லை. பின்சக்கரத்தின் இரு புறமும் ஒவ்வொரு பற்சக்கரம் இருக்கும். ஒன்று சமவெளிக்கு, மற்றொன்று ஏற்றத்துக்கு. மலையடிவாரத்தை அடைந்ததும் வீரர் இறங்கி, மரையைத் தளர்த்தி, சக்கரத்தைக் கழற்றி, திருப்பிப் பூட்டி, மீண்டும் ஏற வேண்டும். மாற்று டயர்களை எட்டு வடிவில் முறுக்கித் தோளிலே மாலையாகப் போட்டுக்கொள்வர். பயணம் நள்ளிரவு கழிந்த சிறிது நேரத்திலே தொடங்கும். வண்டி பழுதானால் தாமே செப்பனிட வேண்டும். பிறர் கை அதில் படலாகாது. இதுவே விதி.

1910 ஜூலை 21ஆம் நாள் லூஷோன் என்ற ஊரிலிருந்து பயோன் நகரம் வரை 326 கிலோமீட்டர். இடையிலே பெய்ரசூர்த், ஆஸ்பின், தூர்மலே, ஒபிஸ்க் என்ற பெருங்கணவாய்கள். தூர்மலேயில் பலரும் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தனர். காலைத் தரையில் ஊன்றாமலே ஏறி முடித்த குஸ்தாவ் கரிகூ 100 பிராங்கு பரிசு பெற்றார். ஒபிஸ்க் கணவாயிலே காத்து நின்ற அமைப்பாளர்களைக் கண்டதும், ஒக்தாவ் லாபீஸ் என்ற வீரர் 'கொலைகாரர்கள்' என்று கத்தினார். ஆயினும் அவர் வண்டியை விட்டுவிடவில்லை. 14 மணி நேரத்துக்கு மேல் மிதித்து அன்றைய ஓட்டத்தையும், பின்னர் அவ்வாண்டுப் பந்தயத்தையும் வென்றார். புறப்பட்ட 110 பேரில் முடித்தவர் 41 பேர்.

இனி, இப்பேச்சின் தலைவருக்கு வருகிறேன். அவர் பெயர் யூஜீன் கிறிஸ்தோப். 1885இல் பிறந்தவர். பூட்டுச் செய்யும் தொழிலைக் கற்றவர். அரம், சுத்தியல், உலை ஆகியவற்றோடு பழகிய கை அவருடையது. 1910இல் மிலான் நகரிலிருந்து சான் ரெமோ வரை நடந்த பந்தயத்தில் கொட்டும் பனியிடையே சென்று முதல்வராக வந்தார். அந்தக் குளிரின் கொடுமையால் மருத்துவமனையில் கிடந்து, பழைய உடல்வலியை மீண்டும் பெற அவருக்கு நெடுநாள் பிடித்தது. 1912இல் பிரான்சைச் சுற்றும் பந்தயத்தில் இரண்டாம் இடம் அடைந்தார்.

அதுவரை வெற்றியைப் புள்ளிகளால் கணக்கிட்டார்கள். ஒருவர் ஒரு நிமிடம் பிந்தினாலும் ஒரு மணி பிந்தினாலும் எத்தனையாவதாக வந்தார் என்பதே கணக்கு. 1913 முதல் மொத்த நேரத்தைக் கூட்டிப் பார்ப்பதென மாற்றினார்கள். ஒவ்வொரு நிமிடமும் பொன்னாயிற்று. இந்த மாறுதலை நினைவில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

1913 ஜூலை 9ஆம் நாள். இம்முறை பயோனிலிருந்து லூஷோனுக்குப் பயணம். முன்னிலையில் இருந்த பெல்ஜிய வீரர் களைத்துப் பின்தங்கினார். கிறிஸ்தோப் பெல்ஜியரான பிலிப் தீஸ் என்பவரோடு சேர்ந்து எல்லோரையும் முந்திக்கொண்டு தூர்மலேயின் உச்சியை அடைந்தார். வெற்றி கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. இறங்கும்போது கைப்பிடி ஆடுவதை உணர்ந்தார். பார்த்தால், முன்சக்கரத்தைத் தாங்கும் கவை முறிந்திருந்தது! சைக்கிள் கடைகளில் 'போர்க்' என்று சொல்கிறோமே, அந்த உறுப்பு.

வேறு வண்டி பெற விதி இடம் கொடாது. வண்டியைத் தோளிலே தூக்கிக்கொண்டார். சக்கரத்தைக் கையிலே பிடித்துக்கொண்டார். பத்துக் கிலோமீட்டருக்கு மேல் மலையிறங்கி நடந்தார். தாம் பின்னே விட்டுவந்த வீரர் ஒவ்வொருவரும் தம்மைக் கடந்து செல்வதைக் கண்டார். ஆத்திரத்தினால் அழுதுகொண்டே நடந்ததாக அவரே பின்னாளில் கூறியிருக்கிறார். மலையடியிலே சான்த் மரீ த கம்பான் என்ற சிற்றூர். அங்கே ஒரு கொல்லன் பட்டறை இருந்தது.

பட்டறைக்காரர் உதவ முன்வந்தார். ஆனால், அமைப்பாளர்கள் வாயிலிலே நின்று கவனித்தார்கள். கொல்லர் வாயினால் வழி சொல்லலாம், கையினால் தொடலாகாது. கிறிஸ்தோப் தாமே இரும்பைக் காய்ச்சினார், தாமே அடித்தார், தாமே துளையிட்டு இணைத்தார். ஒரு கை கவையைப் பிடிக்க, ஒரு கை சுத்தியலைப் பிடிக்க, துருத்தியை ஊதுவதற்கு மூன்றாவது கை இல்லை. ஆகவே அங்கே நின்ற ஒரு சிறுவன் துருத்தியை ஊதினான். பசியெடுத்த அதிகாரி ஒருவர் உணவருந்திவர வெளியே செல்ல விரும்பியபோது, பசித்தால் கரியைத் தின்னுங்கள், நான் உங்கள் கைதி, நீங்கள் என்னை விட்டு நகரலாகாது என்று கிறிஸ்தோப் சொன்னதாக ஒரு செய்தி உண்டு. சுமார் மூன்று மணி நேரத்துக்குப் பின் கவை ஒன்றுசேர்ந்தது. அதை மாட்டிக்கொண்டு, ஆஸ்பின், பெய்ரசூர்த் என்ற இரு கணவாய்களையும் கடந்து, தீஸுக்கு ஏறக்குறைய நான்கு மணி நேரம் பிந்தி லூஷோனை அடைந்தார்.

அங்கே அவருக்குக் கிடைத்தது என்ன? தண்டனை! துருத்தியைச் சிறுவன் ஊதியது பிறர் உதவி பெற்ற குற்றமாம். பத்து நிமிடம் அவர் கணக்கிலே சேர்க்கப்பட்டது. பின்னர் அது குறைக்கப்பட்டது. பந்தயம் முடிந்தபோது அவர் ஏழாமவர். வென்றவர் தீஸ்.

என் கல்லூரி நாள்களில் ஒருநாள், தேர்வுக்கு விரைந்த என் சைக்கிளின் டியூப் வெடித்துவிட்டது. சாலையோரக் கடைச் சிறுவன் ஒருவன் ஓடிவந்து பம்பைப் பிடித்தான். நான் தேர்வு எழுதினேன், தேறினேன். கிறிஸ்தோப்பின் வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் அந்தச் சிறுவனின் முகம் என் முன்னே நிற்கிறது. அவன் கை பட்டதனால் என் தேர்ச்சி களங்கமுற்றதா?

அவசரப்பட்டுத் தீர்ப்புக் கூறாதீர்கள். இரு பக்கத்தையும் பார்ப்பதே வரலாற்று மாணவன் கடமை. அந்த விதிக்கும் ஒரு காரணம் இருந்தது. மிதிவண்டித் தொழிற்சாலைகள் தம் வீரர்களுக்கு வழியெல்லாம் புது வண்டியும் ஆளும் கொடுத்தால், பணமுள்ள தொழிற்சாலையே வெல்லும். ஏழை வீரன் தோற்பான். மனிதனே வெல்ல வேண்டும் என்று தெக்ராஞ் விரும்பினார். நோக்கம் நல்லதே. ஆனால், செல்வரின் கையைத் தடுக்க எழுந்த விதி, ஒரு குழந்தையின் கையையும் தடுத்தது. ஒரு விதி எதற்காகப் பிறந்ததோ அதை மறந்துவிட்டால், நியாயமே அநியாயமாக மாறிவிடும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

அடுத்த ஆண்டு முதல் உலகப் போர் மூண்டது. முந்தைய ஆண்டுகளில் இப்பந்தயத்தை வென்றவர்களுள் மூவர், பாபர், லாபீஸ், பெத்தி பிரெத்தோன் ஆகியோர், போர்க்காலத்திலே உயிரிழந்தனர். 'கொலைகாரர்கள்' என்று மலையிலே கத்திய லாபீஸ், 1917 ஜூலை 14ஆம் நாள் விமானப் போரில் மாண்டார். போர் ஓய்ந்து 1919இல் பந்தயம் மீண்டும் நடந்தபோது கிறிஸ்தோப்புக்கு வயது 34. முதலிடத்தில் இருப்பவரை மக்கள் எளிதில் அறிந்துகொள்ள மஞ்சள் சட்டை அணிவிக்கும் வழக்கம் அவ்வாண்டு தொடங்கிற்று. முதலில் அதை அணிந்தவர் அவரே. இறுதிக்கு முந்திய ஓட்டம், மெட்ஸ் முதல் டன்கிர்க் வரை 468 கிலோமீட்டர். அதில் அவர் வண்டியின் கவை மீண்டும் முறிந்தது! மீண்டும் தாமே செப்பனிட்டார். ஒரு மணி நேரத்துக்கு மேல் இழந்தார். மூன்றாமவராகப் பாரிஸ் சேர்ந்தார். மக்கள் மனம் பொறுக்கவில்லை. சிறுதொகை பெருந்தொகையாக அனுப்பி, 13,000 பிராங்குக்கு மேல் திரட்டி அவருக்கு அளித்தனர். விதி கொடுக்க மறுத்ததை மக்கள் கொடுத்தார்கள்.

விதியும் மெல்ல மாறிற்று. 1930இல் தெக்ராஞ்சே தொழிற்சாலை அணிகளை நீக்கி, நாடுகளின் அணிகளை ஏற்படுத்தினார். அவ்வாண்டு ஆண்ட்ரே லெதுக் என்ற பிரெஞ்சு வீரர் மலையிறக்கத்தில் விழுந்தார்; மிதிகட்டை முறிந்தது. அவருடைய தோழர்கள் நின்றார்கள். வேறு மிதிகட்டையைப் பூட்டினார்கள். அவரை எழுப்பி உடன் அழைத்துச் சென்றார்கள். அன்றைய ஓட்டத்தையும் அவ்வாண்டுப் பந்தயத்தையும் அவர் வென்றார். அதைக் குறை கூறியவர் இல்லை. தென்னாப்பிரிக்காவில் 2004 முதல் நடைபெறும் 'கேப் எபிக்' என்ற நெடுந்தூர மலை மிதிவண்டிப் பந்தயத்திலோ வீரர் இருவர் இருவராகவே செல்ல வேண்டும். ஒருவர் மற்றவரை இரண்டு நிமிடத்துக்கு மேல் பிரிந்திருந்தால் தண்டனை. ஒரு காலத்தில் உதவி பெறுவது குற்றம். மற்றொரு காலத்தில் துணையை விட்டுச்செல்வது குற்றம்!

கிறிஸ்தோப் அப்பந்தயத்தை ஒருமுறைகூட வென்றதில்லை. 1970இல், தமது 85ஆம் வயதில் மறைந்தார். வென்ற பலரின் பெயர்கள் மங்கிவிட்டன. அவர் பெயரோ சான்த் மரீ த கம்பானில் கல்வெட்டாகவும், 2014 முதல் சிலையாகவும் நிற்கின்றது. சிலையின் கையிலே உயர்த்திப் பிடித்திருப்பது வெற்றிக் கிண்ணம் அன்று; முறிந்த கவை!

மாணவ நண்பர்களே, இளமையில் கற்ற கைத்தொழிலே மலையடிவாரத்தில் அவரைக் காத்தது. நீங்களும் உங்கள் கையினால் செய்யத்தக்க தொழில் ஒன்றைக் கற்றுக்கொள்ளுங்கள். உங்கள் கவை முறியும் நாளில் நீங்களே அதை ஒட்டவைக்க வேண்டியிருக்கும். அதே சமயம், அயலான் ஒருவனுடைய கவை முறிந்திருக்கக் கண்டால், விதியேட்டைப் புரட்டிக்கொண்டு வாயிலில் நிற்காதீர்கள். அந்தச் சிறுவனைப் போலத் துருத்தியைப் பிடியுங்கள்.