நாகலிங்கம்: பெயருக்குப் பின் வந்த மரம்

விடிந்தும் விடியாத நேரத்தில் சிவன் கோயில் நந்தவனத்துக்குள் நுழைந்தால், நாகலிங்க மரம் எங்கே நிற்கிறது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. மணமே கூட்டிக்கொண்டு போய்விடும். கிட்டப் போனால் முதல் வியப்பு, பூ கிளையில் இல்லை. பலா காய்ப்பதுபோல, அடிமரத்திலிருந்தே கயிறு கயிறாகக் கொம்புகள் இறங்கி, அவற்றில்தான் மொட்டும் பூவும் காயும்.

கீழே உதிர்ந்து கிடக்கும் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். தடித்த இதழ்கள் ஆறு. உள்பக்கம் செஞ்சிவப்பு; வெளிப்பக்கம் மஞ்சள் ஓடிய வெளிர்நிறம். நடுவில் சிறு மேடு. அதைச் சுற்றி வட்டமாக, நெருக்கமாக, குட்டை மகரந்தத் தாள்கள். அந்த வட்டத்தின் ஒரு பக்கத்திலிருந்து பட்டையாக ஒரு தகடு எழுந்து, வளைந்து, மேட்டின்மேல் குடைபோல் கவிகிறது. அதன் முனையிலும் இழை இழையாகத் தாள்கள். கவிந்திருப்பது ஆதிசேடனின் படம், நடுவில் இருப்பது லிங்கம், சுற்றியிருப்பவர்கள் தவமிருக்கும் முனிவர்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஒருமுறை அப்படிப் பார்த்துவிட்ட கண்ணுக்கு, அதன்பிறகு அது வேறு எதுவாகவும் தெரிவதில்லை.

இத்தனை சிவச்சாயல் உள்ள பூவைத் தேவாரம் பாடியிருக்க வேண்டுமே என்று தோன்றும். கொன்றை, எருக்கு, ஊமத்தம் எல்லாம் அங்கே உண்டு, நாகலிங்கம் இல்லை. இருக்கவும் முடியாது. இதன் தாயகம் தென் அமெரிக்கா. மூவர் பாடிய காலத்தில் இந்த மரம் கடலுக்கு அப்பால், அமேசான் காடுகளின் பக்கம் நின்றிருந்தது. பிரெஞ்சுக்காரரான ஒப்லே, கயானாவின் செடிகொடிகளைப் பற்றி 1775இல் வெளியிட்ட நூலில் இதற்குக் ‘குரூபிட்டா கயானென்சிஸ்’ என்று பெயர் வைத்தார். ‘குரூபிட்டா’ அவர் கட்டிய சொல் அன்று. கயானாவின் பழங்குடிகள் அந்த மரத்தை அழைத்த பெயரின் சுருக்கம். மரம் பிறந்த மண்ணின் ஒலி அந்த அறிவியல் பெயருக்குள் இன்றும் இருக்கிறது.

மரம் புதியது என்றால் பெயர்? அது பழையது. இந்தச் சொல்லாராய்ச்சியில் எனக்குப் பிடித்த முடிச்சு இதுதான். நாகம் குடைபிடிக்கும் லிங்கத்துக்குக் கல்லில் வடிவம் கொடுத்தவர்கள் நம் சிற்பிகள். ஆந்திரத்தின் லேபாட்சியில், 16ஆம் நூற்றாண்டு விஜயநகரக் கோயிலில், ஏழு தலை நாகம் சுருண்டெழுந்து லிங்கத்துக்கு நிழல் தருவதை இன்றும் காணலாம். அந்த உருவின் பெயர் நாகலிங்கம். ஆட்பெயராகவும் அது வழங்குகிறது. கல்லிலும் மனிதரிலும் குடியிருந்த சொல், கடல் கடந்து வந்த பூவைக் கண்டதும் அதன்மேல் போய் அமர்ந்துகொண்டது.

சொல்லைப் பிரித்தால் இன்னும் சுவை. தமிழில் நாகம் பாம்பு மட்டும் அன்று. குறிஞ்சிப்பாட்டின் மலர் வரிசையில் நாகம் ஒரு பூ; அதைச் சுரபுன்னை என்று கொள்வோர் உண்டு. நாட்டு மருந்துக் கடையில் சிறுநாகப்பூ கேட்டால் பொட்டலம் கட்டித் தருவார்கள். சில ஊர்களில் நாவற்பழமே நாகப்பழம். ஆக, நம் காதுக்கு நாகம் முன்பே மரமும் பூவுமாகப் பழகிய சொல். லிங்கம் வடசொல்; குறி, அடையாளம் என்பது அதன் பொருள். ஆண்பாலைப் புல்லிங்கம் என்று வடமொழி இலக்கணம் சொல்வதும் இந்தப் பொருளில்தான். தமிழ் மரபில் லகரம் சொல்லுக்கு முதலில் வராது. அதனால் பழைய நூல்கள் இகரம் சேர்த்து ‘இலிங்கம்’ என்று எழுதின. பேச்சு வழக்கில் ‘நாக’ முன்னால் வந்து நின்றதும் அந்த இகரத்துக்கு வேலையில்லாமல் போயிற்று.

அமெரிக்கக் கண்டத்திலிருந்து நமக்கு வந்தவை பல. ஒவ்வொன்றுக்கும் பெயர் சூட்ட ஒவ்வொரு வழி கண்டோம். காரம் மிளகைப் போல இருந்ததால் மிளகாய். வந்த துறைமுகத்தின் பெயரால் மணிலாக்கொட்டை. அது தேய்ந்து மல்லாட்டை. தெய்வத்தின் பெயரால் சீத்தாப்பழம். அதே பழத்துக்கு யாழ்ப்பாணத்தில் அன்னமுன்னா என்று பெயர். போர்த்துக்கீசியரின் ‘அனோனா’ அங்கே தமிழ்நடை பழகிவிட்டது. இந்த மரத்துக்கு அப்படி அயலொலி எதுவும் ஒட்டவில்லை. பார்த்த பார்வையே பெயராயிற்று.

பார்வை எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்துப் பெயர் மாறும். ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் காயைப் பார்த்தார்கள். தலையளவு உருண்டை, பழுப்பு ஓடு, விழுந்தால் அதிரும் ஓசை: பீரங்கிக்குண்டு மரம் என்றார்கள். பிரேசிலில் குரங்கின் ஆப்ரிகாட் பழம் என்ற பொருளில் ஒரு பெயர். கன்னடத்தார் நம்மைப்போலப் பூவைப் பார்த்து நாகலிங்க புஷ்பம் என்றார்கள். தெலுங்கில் நாகமல்லி; தமிழில் நாகமல்லி என்றால் அது வேறொரு மூலிகை, ஆகவே கவனம் வேண்டும். இலங்கைப் பௌத்தர்கள் இதை ‘சல்’ என்று அழைத்து விகாரைகளில் நட்டு வழிபடுகிறார்கள். புத்தர் கண்மூடிய இடத்தில் நின்ற சாலமரம் வேறு. ஆனால் அந்தப் பெயரோடு அதன் புனிதமும் இந்த மரத்துக்கு வந்து சேர்ந்தது. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரி, வில்வத்தை மாநில மரமாகவும் நாகலிங்கத்தை மாநில மலராகவும் வைத்திருக்கிறது.

வந்த மரம்தானே, புனிதம் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்கள் உண்டு. ஆயிரம் ஆண்டுப் பழமை என்று பொய்ப்புராணம் கட்டுபவர்களும் உண்டு. இரண்டு பேரும் பூவைச் சரியாகப் பார்க்கவில்லை என்பேன். பூவில் தேன் கிடையாது. மகரந்தம் மட்டும் இரண்டு வகை. படத்தின் முனையில் இருப்பது கருத்தரிக்க உதவாது. மரத்தைத் துளைத்துக் கூடு கட்டும் பெரிய கருவண்டுக்கு அது உணவு. வண்டு அதை அள்ள உள்ளே நுழையும்போது, நடுமேட்டைச் சுற்றியுள்ள வட்டத்தின் மகரந்தம் அதன் உடம்பில் ஒட்டும். விதையாக்குவது இந்த மகரந்தம்தான். நடுமேடு என்று சொன்னோமே, அது சூலகத்தின் உச்சி. பூ ஒரே நாளில் உதிரும். கருத்தரித்த மேடு மட்டும் மரத்தில் தங்கி, மாதக்கணக்கில் பருத்து, நூற்றுக்கணக்கான விதைகளைச் சுமக்கும் உருண்டையாகும்.

உருப்பெருக்கிக் கண்ணாடி இல்லாமல் ஒருவர் இந்தப் பூவை உற்றுப் பார்த்து, அடுத்த உயிர் உருவாகும் இடத்துக்கு லிங்கம் என்று பெயர் வைத்தார். வந்த வண்டுக்குச் சோறிடும் இடத்துக்கு, காத்து நிற்கும் நாகம் என்று பெயர் வைத்தார். அவர் பெயர் நமக்குத் தெரியாது. அவர் வைத்த பெயரைச் சொல்லித்தான் நாம் இன்றும் குனிந்து அந்தப் பூவை எடுக்கிறோம்.